கேட்பதே தொழில்: கிறிஸ்தவ கோச்சிங்கில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

‘கேள்’ என்ற வினைச்சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. வினவுவதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான். ஒருவர் தம் இலக்கைத் தாமே எட்ட உடனிருந்து உதவுபவர் கோச். அவருடைய தொழில் முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கும். ஆனால் புதிதாக வருபவர்களில் பலர் லோகோ, இணையதளம், விசிட்டிங் கார்டு என்று தொடங்குகிறார்கள். வேறு சிலர் பிரசங்கத்தில் தேர்ந்தவர்கள். எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு செய்தி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். மறுபடி வரமாட்டார்.

வேலையின் எல்லை

ஹங்கேரியில் கோச் என்று ஓர் ஊர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டி ஐரோப்பா முழுவதும் பேர்பெற்றது. ‘கோச்’ என்ற சொல்லே அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. எங்கே போக வேண்டும் என்று வண்டியில் ஏறியவர்தான் சொல்வார். வண்டிக்காரர் சொல்வதில்லை. கோச்சிங்குக்கும் அதன் உறவினர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே இருக்கிறது.

கவுன்சிலர் காயத்தைப் பார்க்கிறார். மென்டர் தாம் நடந்த பாதையைக் காட்டுகிறார். போதகர் வசனத்தைக் கற்பிக்கிறார், ஆத்துமாவைக் கண்காணிக்கிறார். கோச் இந்த மூன்றையும் செய்வதில்லை. பிழைப்பு ஓரளவு சீராக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர், தாம் போக நினைக்கும் இடத்தைத் தெளிவாகப் பார்க்கவும் அடுத்த அடியைத் தாமே எடுத்து வைக்கவும் உடன் இருக்கிறார்.

கிறிஸ்தவ கோச் என்பதிலும் இரண்டு வகை உண்டு. விசுவாசிகளோடு விசுவாசத்தை வெளிப்படையாக வைத்துப் பேசுபவர் ஒருவர். எல்லாருக்கும் கோச்சாக இருந்து, தன் நடத்தையில் மட்டும் விசுவாசத்தைக் காட்டும் கிறிஸ்தவர் இன்னொருவர். இரண்டும் நேர்மையான வழிகளே. எந்த வழி என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து எழுத்தில் சொல்லிவிடுங்கள். தொழில் முன்னேற்றம் பற்றிப் பேச வந்தவரிடம் மூன்றாவது அமர்வில் சுவிசேஷம் சொல்லத் தொடங்கினால், அவர் தந்த பணத்துக்கும் நம்பிக்கைக்கும் நீங்கள் உண்மையாக இல்லை என்றாகிவிடும்.

பயிற்சியும் சான்றும்

பெரும்பாலான நாடுகளில் ‘கோச்’ என்று போட்டுக்கொள்ள உரிமம் தேவையில்லை. அதனாலேயே, முறையாகக் கற்றவர் என்று காட்ட ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. பரவலாக மதிக்கப்படும் அமைப்பு, 1995இல் தாமஸ் லெனார்டு தொடங்கிய ஐசிஎஃப், அதாவது இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன். இதில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையான ஏசிசிக்கு (அசோசியேட் சர்டிஃபைட் கோச்) குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் தேவை. அடுத்த பிசிசிக்கு (புரொஃபஷனல் சர்டிஃபைட் கோச்) 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். எம்சிசிக்கு (மாஸ்டர் சர்டிஃபைட் கோச்) 200 மணி நேரப் பயிற்சி, 2500 மணி நேர அனுபவம். கிறிஸ்தவக் கோச்களுக்கென்றே கிறிஸ்டியன் கோச்சஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பும் சான்று தருகிறது. விசுவாசத்தை வெளிப்படையாக வைத்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு அது பொருத்தமாக இருக்கும்.

ஏசிசியின் நிபந்தனைகளைச் சற்று உன்னிப்பாகப் படியுங்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்த 100 மணியில் 75 மணி கட்டணம் பெற்றதாக இருக்க வேண்டும். குறைந்தது 8 பேரோடு செய்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 18 மாதத்துக்குள் 25 மணியாவது விழ வேண்டும். கோச்சிங் பயிற்சியைத் தொடங்கிய பிறகு செய்த மணிகளே கணக்கில் வரும். அதற்கு முன் சபையில் எத்தனை வருடம் ஆலோசனை சொல்லியிருந்தாலும் ஒரு மணிகூடச் சேராது. மென்டர் கோச்சிங், அதாவது அனுபவமுள்ள கோச் ஒருவர் உங்கள் கோச்சிங்கைக் கவனித்துத் திருத்துவது, 10 மணி நேரம், குறைந்தது 3 மாதத்துக்குப் பரவி நடக்க வேண்டும். கடைசி மாதத்தில் அவசரமாகப் பத்தையும் அடைத்துவிட முடியாது. இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் ஒரு முறையும் விண்ணப்பிக்கும் முன் ஒரு முறையும் சரிபாருங்கள்.

முதல் அமர்விலிருந்தே ஒரு பதிவேடு வையுங்கள்: பெயர், தொடர்பு விவரம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கட்டண மணி, இலவச மணி. வருபவரின் பெயர் இதில் இடம்பெற அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து பதிவேடு எழுத உட்காருவது பெரும் பாடு. ஐந்து பேரை இரு வாரத்துக்கு ஒரு முறை சந்தித்தால் மாதம் 10 மணி. நூறை எட்டப் பத்து மாதம் ஆகும். தொடக்கத்திலிருந்தே சிறு தொகையாவது வாங்குங்கள். தொகை எவ்வளவு சிறிதானாலும், பண்டமாற்றாகவே இருந்தாலும், அது கட்டண மணியாகத்தான் எண்ணப்படும்.

ஒப்பந்தம் எழுதாமல் ஒரு அமர்வும் வேண்டாம்

‘நம்ம சபை ஆள்தானே’ என்று வாய்ப்பேச்சில் தொடங்கியவை வருத்தத்தில்தான் முடிகின்றன. இரண்டு பக்கம் போதும். எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எந்தத் தேதியோடு முடியும், கட்டணம் எப்போது, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் என்ன, கோச்சிங் என்பது சிகிச்சையோ சட்ட ஆலோசனையோ அல்ல என்ற வரி, எழுதிவைக்கும் குறிப்புகள் எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும்: இவை எல்லாம் வர வேண்டும். ஜெபமும் வசனமும் அமர்வில் இடம்பெறலாமா என்று தனியே ஒரு கேள்வி வைத்து, ஆம் அல்லது இல்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். விசுவாசிகளிலும் சிலர் ‘நானே ஜெபித்துக்கொள்கிறேன், இங்கே யோசிக்கத்தான் வந்தேன்’ என்பார்கள். அதை மதிக்க வேண்டும்.

இரகசியக் காப்பைப் பற்றிய பத்தியை மிகக் கவனமாக எழுதுங்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டியவை ஆகிய விதிவிலக்குகளை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். கிறிஸ்தவ வட்டத்துக்கே உரிய ஒரு கசிவு உண்டு, அது ஜெபக்குறிப்பு. ‘ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள், பேர் வேண்டாம், குடும்பத்தில் ஒரு பிரச்சினை’ என்றாலே சிறிய சபையில் யார் என்று தெரிந்துவிடும். கிளையன்ட் சொன்னதைப் பிரசங்கத்துக்கு உதாரணமாக எடுப்பதும் இதே கசிவுதான். உங்கள் துணைவர்கூடக் கிளையன்ட்டின் பெயரை உங்கள் வாயிலிருந்து கேட்கக் கூடாது.

போதகருக்கான கோச்சிங் கட்டணத்தைச் சபையே கட்டினால் மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும். அமர்வு நடந்ததா, பொதுவாக ஒப்புக்கொண்ட இலக்கு என்ன என்ற இரண்டு விவரம் மட்டுமே மூப்பர்களுக்குப் போகும் என்று அதில் எழுதுங்கள். அது இல்லையென்றால் எட்டாவது வாரத்தில் மூப்பர் ஒருவர் ‘போதகர் எப்படி இருக்கிறார்?’ என்று போனில் கேட்பார். நீங்கள் என்ன சொன்னாலும் தவறாகும். நீங்களே மேய்ப்பராக இருந்தால், உங்கள் சபை ஆட்களுக்குக் கோச்சாக இருக்காதீர்கள். தன் பாவத்தையும் தன் சம்பளத்தையும் தன் சபையையும் பற்றி ஒரே ஆளிடம் யாராலும் சுதந்திரமாகப் பேச முடியாது.

ஒரு மணி நேரம் எப்படிப் போக வேண்டும்

க்ரோ (GROW) என்று ஒரு வரிசை 1980களில் பிரிட்டனில் உருவாகி, கோச் ஜான் விட்மோர் வழியே பரவியது. இலக்கு, இப்போதைய நிலை, சாத்தியங்கள், செய்யப்போவது என நான்கு படிகள். புதியவருக்கு இது நல்ல கைப்பிடி. ஆனால் நேரத்தை நான்கு சம பங்காக வெட்டாதீர்கள். 60 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் நலம் விசாரிப்பும் போன முறை ஒப்புக்கொண்டது என்ன ஆயிற்று என்பதும். அடுத்த 10 நிமிடம் இன்றைய பொருளைக் கூர்மையாக்க. 30 நிமிடம் நிலையையும் சாத்தியங்களையும் தோண்ட. 10 நிமிடம் அடுத்த அடிக்கு. மீதி 5 நிமிடத்தில் வருபவரே தொகுத்துச் சொல்லட்டும்.

சரியில்லாத அமர்வுகள் பெரும்பாலும் பொருளைக் கூர்மையாக்கும் அந்த 10 நிமிடத்தில்தான் கெடுகின்றன. பொருள் கூர்மையாகும் முன்பே கோச் தீர்வுக்குள் குதித்துவிடுகிறார். கூர்மையாக்குவது இப்படி இருக்கும்:

“இளைஞர் ஊழியத்தை இந்த வருஷம் நல்லாக் கட்டி எழுப்பணும்.”

“கட்டி எழுப்பணும்னு சொன்னீங்க பாஸ்டர். வருஷக் கடைசியில எது மாறியிருந்தா எழும்பியிருக்குன்னு சொல்வீங்க?”

“இப்ப எல்லாம் நானே செய்றேன். கூட்டத்தை நடத்த இன்னும் ரெண்டு பேர் இருக்கணும்.”

“சரி, அந்த ரெண்டு பேர். இன்னைக்கு நாம முடிக்கும்போது உங்க கையில என்ன இருக்கணும்?”

“யார் யார்னு ஒரு முடிவு. அவங்ககிட்ட எப்படிப் பேச்செடுக்கறதுன்னும் தெரியணும்.”

மூன்று நிமிடத்தில், ஒரு வருடக் கனவு ஒரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலையாகச் சுருங்கிவிட்டது. கோச் ஒரு யோசனையும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி வடிவில் வரும் ஆலோசனையை அடையாளம் காணப் பழகுங்கள். ‘அவரிடம் நேரில் பேசிப் பார்க்கக் கூடாதா?’ என்பது கேள்விக்குறி போட்ட கட்டளை. ‘அவருக்கும் உங்களுக்கும் இடையில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?’ என்பதுதான் கேள்வி. ‘ஏன்’ என்று தொடங்கினால் வருபவர் தம்மைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார். ‘எது’, ‘என்ன’, ‘எப்படி’ என்று தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். எதிரே இருப்பவர் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

சம்மதத்தோடு மாதம் ஒரு அமர்வைப் பதிவு செய்து, உங்கள் குரல் ஓடும் நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். 60இல் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதல் பதிவில் 25 வந்தால் பயப்பட வேண்டாம், எந்த இடத்தில் விளக்கம் கொடுக்கத் தொடங்கினீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பாகவே இருக்கும்.

ஆவியானவரும் வசனமும் அமர்வும்

கிறிஸ்தவ கோச்சிங்கின் ஆழம் இங்கேதான் இருக்கிறது, பெரிய ஆபத்தும் இங்கேதான். ‘தேவன் உங்களைப் பற்றி எனக்கு உணர்த்துகிறார்’ என்று கோச் சொன்ன கணத்தில் உரையாடல் நின்றுவிடும். அதை எதிர்த்துப் பேச எந்த விசுவாசிக்குத் துணிவு வரும்? அவர் தலையாட்டுவார், அந்த முடிவு கடைசிவரை உங்களுடையதாகவே இருக்கும். அவருக்குள்ளும் அதே ஆவியானவர் வாசம்பண்ணுகிறார் என்று நம்பினால் கேள்வி வேறு விதமாக வரும்: ‘இதைக் குறித்து ஜெபிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அது உங்கள் ஆசையா, அவருடைய சத்தமா என்று எதை வைத்துப் பிரித்துப் பார்க்கிறீர்கள்? இதைச் சோதித்துப் பார்க்க யாரிடம் கேட்பீர்கள்?’

சுவிசேஷங்களைப் புரட்டினால் எல்லாம் அறிந்தவரே எவ்வளவு கேட்கிறார் என்பது தெரியும். பர்திமேயு குருடன் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தனக்கு என்ன வேண்டும் என்பதை அவனே சொல்லும்படி இயேசு கேட்டார். எம்மாவு ஊருக்கு நடந்துபோன சீடர் இருவரிடமும், எருசலேமில் நடந்ததையெல்லாம் அவர்களையே சொல்லவைத்தார். வசனத்தையும் இப்படியே கையாளலாம். ‘இந்த நிலையில் உங்களோடு பேசுகிற வேதப்பகுதி எது?’ என்று கேட்டால், உங்கள் மனதில் ஓடிய வசனத்தைவிட அவருக்குப் பொருத்தமான ஒன்று அவரிடமிருந்து வரும்.

ஒரு பதிலுக்கு மட்டும் தயாராக இருங்கள். அடுத்த அடி என்ன என்று கேட்டால் பலர் ‘ஜெபித்துப் பார்க்கிறேன்’ என்பார்கள். அது உண்மையான அடியாகவும் இருக்கலாம், தள்ளிப்போடுவதாகவும் இருக்கலாம். குறை சொல்லாமல் அதற்கு உருவம் கொடுக்க உதவுங்கள்: எத்தனை நாள், என்ன கேட்டு, பதில் வந்ததை எப்படி அறிவீர்கள், அதுவரை கையில் என்ன வேலை? எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது மதிலை, எடுத்துக் கட்ட விரும்பிய நெகேமியா கிஸ்லேவு மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், ஜெபத்தில் இருந்தார். ராஜா கேட்டபோது அவர் கையில் எல்லாம் தயாராக இருந்தது: எத்தனை காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் யாரிடமிருந்து வர வேண்டும். எருசலேமுக்கு வந்தும் மூன்று நாள் பேசாமல் இருந்து, இராத்திரியில் சிலரோடு போய் அலங்கத்தைப் பார்வையிட்டார். அலங்கம் 52 நாளில் முடிந்தது. ஜெபமும் திட்டமும் ஒரே மனிதனுக்குள் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்று காட்ட இதைவிட நல்ல பகுதி கிடைப்பது அரிது. கிளையன்ட்டோடு சேர்ந்து வாசிக்கத் தகுந்தது.

எங்கே நிறுத்த வேண்டும்

எலியா சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்தபோது முதலில் வந்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும், அதுவும் இரண்டு தரம். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி ஓரேபுக்குப் போன பிறகே வந்தது. களைத்து நொறுங்கியவரிடம் இலக்கு பற்றிக் கேட்பது கொடுமை.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் நாட்டமில்லை என்றால், சாவைப் பற்றிய பேச்சு வந்தால், வீட்டில் அடி உதை இருந்தால், போதைப் பழக்கம் கைமீறியிருந்தால், பழைய ஒரு கொடுமை ஒவ்வொரு அமர்விலும் திரும்பத் திரும்ப மேலெழுந்தால், கோச்சிங்கை நிறுத்தி உரியவரிடம் அனுப்புங்கள். ‘இன்னும் விசுவாசம் வையுங்கள்’ என்று சொல்லித் தாமதிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். மனநல மருத்துவர் ஒருவர், தகுதி பெற்ற கவுன்சிலர் ஒருவர், நம்பகமான போதகர் ஒருவர் என்று மூன்று தொடர்புகளை முதல் கிளையன்ட் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருங்கள். சாவைப் பற்றிய பேச்சு என்றால் நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், அவசர உதவியை அன்றே அழையுங்கள்.

கட்டணம்

பணம் கேட்கக் கூச்சப்படுவது இந்தத் துறையில் பலருக்கும் உள்ள பலவீனம். ஊழியம் என்றால் இலவசம் என்று நினைப்பவர்கள், வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்று கர்த்தரே சொன்னதை நினைவில் வைக்கலாம். கூச்சத்தைவிடக் கணக்கு தெரியாததே பெரிய சிக்கல்.

பத்துப் பேரை இரு வாரத்துக்கு ஒரு முறை சந்தித்தால் மாதம் 20 அமர்வு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 15 நிமிடம் தயாரிப்பு, பின்னால் 30 நிமிடம் குறிப்பு. ஆக 35 மணி. அறிமுகப் பேச்சுகள், கணக்கு, ஆள் தேடல், சொந்தப் பயிற்சி என்று இன்னொரு 25 மணி. மொத்தம் 60 மணி உழைப்புக்கு 20 மணிக்குத்தான் பணம் வருகிறது. ஆகவே ஒரு மணி நேரக் கட்டணம் மூன்று மணி நேர உழைப்பைச் சுமக்க வேண்டும். விடுமுறையும் சுகவீனமும் போக வருடத்தில் 11 மாதம் என்று வைத்தால் 220 அமர்வு. உங்களுக்கு வருடத்துக்கு வேண்டிய வருமானத்தோடு பயிற்சி, வரி, காப்பீடு ஆகியவற்றைக் கூட்டி 220ஆல் வகுத்தால் வருவதே உங்கள் கட்டணத்தின் அடிமட்டம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் 3 மாதம் மட்டும் தங்கினால், பத்துப் பேரில் மாதம் மூன்று நான்கு பேர் விடைபெறுவார்கள். அறிமுகப் பேச்சுக்கு வரும் மூவரில் ஒருவர் சேருகிறார் என்று வைத்தால், இடத்தை நிரப்ப மாதம் பத்து அறிமுகப் பேச்சு வேண்டும். ஒப்பந்தம் 6 மாதமானால் ஐந்து போதும். எனவே அமர்வு அமர்வாக விற்காமல் ஆறு மாதம், 12 அமர்வு என்று சேர்த்துப் பேசுங்கள். மாற்றம் வேர்விடவும் அந்தக் காலம் தேவைப்படுகிறது.

இயலாதவர்களுக்குப் பத்தில் ஒரு இடத்தை இலவசமாக வையுங்கள். அப்போது 220க்குப் பதில் 198ஆல் வகுக்க வேண்டும். அவருக்கும் அதே ஒப்பந்தம், அதே முடிவுத் தேதி, அதே ரத்து விதி. விதியில்லாத இலவசத்தில் இரு தரப்பும் அமர்வைத் தள்ளிப்போடத் தொடங்கிவிடும்.

ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்

முதல் வருடத்தில் விளம்பரத்தை நம்ப வேண்டாம். உங்களை ஏற்கெனவே நம்பும் 40 பேரின் பெயரை எழுதுங்கள். அவர்களைக் கிளையன்ட்டாக அழைக்காதீர்கள். ‘முதல் முறை ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்று, எங்கே தொடங்குவது என்று திணறுகிற யாரையாவது தெரியுமா?’ என்று கேளுங்கள். ‘கோச்சிங் வேண்டியவர் யாராவது?’ என்று கேட்டால் ஒரு பெயரும் நினைவுக்கு வராது. குறிப்பிட்ட நிலையைச் சொன்னால் முகம் நினைவுக்கு வரும். அந்த நிலையை எப்படித் தேர்வது? நீங்கள் உள்ளிருந்து அறிந்த ஒரு திருப்பமாக இருக்கட்டும்: ஊழியத்துக்காக வேலையை விடுபவர்கள், ஓய்வுபெறும் போதகர்கள், நேர்மையாகத் தொழில் செய்யப் போராடும் விசுவாசிகள். ‘எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும்’ என்பது யாருக்கும் இல்லை என்பது போல.

அறிமுகப் பேச்சு 30 நிமிடம், இலவசம். அதில் உங்கள் அருமை பெருமைகளைச் சொல்லாமல் 20 நிமிடம் உண்மையாகவே கேளுங்கள். கடைசியில் கட்டணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். அதன்பின் விளக்கம் சேர்த்துக்கொண்டே போனால் தள்ளுபடியில்தான் முடியும். அன்றே பதில் வேண்டாம், ஒரு தேதி மட்டும் குறித்துக்கொள்ளலாம். இணையத்துக்கு ஒரு பக்கம் போதும்: யாருக்கு, என்ன, எப்படித் தொடர்புகொள்வது.

ஒப்பந்தம் முடியும் அமர்வை மற்ற அமர்வு போல நடத்தாதீர்கள். முதல் நாள் எழுதிய இலக்கை எடுத்து வைத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, இனி யார் துணையோடு தொடர்வார் என்று அவரையே பேசவிடுங்கள். தொடர விரும்பினால் பழையதை நீட்டாமல், புதிய இலக்கோடு புதிய ஒப்பந்தம் எழுதுங்கள். மணிகளைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், ஒப்பந்தத்தில் சொன்ன தேதியில் குறிப்புகளை அழியுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு வரி எழுதி, மேலே பார்த்த போதகரானால் இளைஞர் கூட்டத்தை அந்த இரண்டு பேர் எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.